டீப்பாய் மேல் ஊற்றிய ரெசின் மூன்று நாளாகியும் ஒட்டுகிறது, அவசரம்

வாகைப்பலகை | வெள்ளி, இரவு 10.40
வணக்கம். வாகைப் பலகையில் ஒரு டீப்பாய் செய்து, நடுவிலிருந்த வெடிப்பில் நீல நிற ரெசினை (ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் பிசின்) நிரப்பி, மறுநாள் அதன்மேல் முழுவதும் தெளிந்த ரெசினை ஊற்றினேன். மூன்று நாளாகியும் கையை வைத்தால் ஒட்டுகிறது. அங்கங்கே குமிழிகளும் இருக்கின்றன. டப்பாவில் சொன்ன அளவில்தான் கலந்தேன். வரும் வியாழக்கிழமை அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு இதைத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். மேலே இன்னொரு பூச்சு ஊற்றினால் சரியாகிவிடுமா?

மரத்தூள் | வெள்ளி, இரவு 11.05
ஊற்ற வேண்டாம், பொறுங்கள். ரெசினில் அது எபாக்ஸி வகையா பாலியெஸ்டர் வகையா, டப்பாவில் சொன்ன விகிதம் என்ன, நீல நிறத்துக்கு எதைச் சேர்த்தீர்கள், வெடிப்பின் ஆழம் எவ்வளவு, உங்கள் ஊரில் இப்போது மழையா என்று எதையுமே நீங்கள் சொல்லவில்லை.

கடலோரக்கை | சனி, காலை 6.20
பதினைந்து ஆண்டுகளாகப் படகுகளுக்கு ஃபைபர் வேலை செய்கிறேன். மழைக்காலத்தில் ரெசின் இறுகத் தாமதமாகும் என்பதால் அதை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரைச் சற்றுக் கூடுதலாக விடுவோம். அடுத்த பூச்சில் பத்துச் சொட்டு அதிகமாக விட்டுப் பாருங்கள், தம்பி.

பழைய உளி | சனி, காலை 8.12
மாதத்துக்கு ஒருவராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். காணொளியில் ஐந்து நிமிடத்தில் முடிந்த வேலையைப் பார்த்துவிட்டு, டப்பாவோடு வந்த தாளைப் படிக்காமலேயே தூக்கிப் போட்டுவிட்டு, பிறகு ரெசினைக் குறை சொல்வதில் என்ன பயன்? முதலில் ஒரு மரத்துண்டில் சோதனை செய்து பார்த்தீர்களா என்று கேட்டால் பதில் வராது என்று எனக்குத் தெரியும்.

வாகைப்பலகை | சனி, காலை 9.30
எபாக்ஸிதான், ஐயா. விகிதம் 2:1, ரெசின் இரண்டு பங்குக்கு ஹார்டனர் ஒரு பங்கு. தஞ்சாவூர்ப் பக்கம், ஐந்து நாளாக விடாத மழை. தாள் பத்திரமாக இருக்கிறது.

ஈரப்பதம் | சனி, காலை 10.15
என் அனுபவத்தில் பத்தில் எட்டுக் கோளாறுகளுக்கு மரத்தின் ஈரமே காரணம். வாகை உள்ளுக்குள் உலர நெடுநாள் எடுக்கும் மரம். அறுத்து எத்தனை மாதமாயிற்று? ஈரமானியில் 12 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பலகையில் ரெசின் ஊற்றியதே தவறு.

அமிலக்காரன் | சனி, காலை 11.02
ஈரமான மரத்தில் குமிழி வரலாம், பின்னாளில் ரெசின் விட்டுப் பிரியவும் செய்யலாம். ஆனால் மேற்பரப்பு முழுவதும் ஒட்டுவதற்கு அது காரணமாகத் தோன்றவில்லை. அதைவிட முக்கியமாக, கடலோரக்கை அண்ணன் சொன்னதைத் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். அவர் புழங்குவது பாலியெஸ்டர். அதில் ஊற்றுகிற திரவம் வினையைத் தூண்டிவிடும் பொருள் மட்டுமே. நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்கு போதும், காலநிலைக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் அதில் இடமுண்டு. எபாக்ஸியிலோ ஹார்டனரே பிணைப்பின் ஒரு பாதி. கணக்குக்கு மேல் விட்ட ஹார்டனருக்குக் கைகோக்க ரெசின் கிடைக்காமல், அது உள்ளேயே தங்கிவிடும். விரைவாக இறுகுவதற்குப் பதிலாக என்றைக்குமே முழுதாக இறுகாது.

கடலோரக்கை | சனி, பகல் 12.40
நான் சொன்னது பாலியெஸ்டருக்குத்தான் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு டீப்பாய்க்கு எதற்கு இத்தனை விலையில் எபாக்ஸி? கடலில் உப்புநீரில் கிடக்கும் படகுகளே பாலியெஸ்டரில்தானே நிற்கின்றன?

அமிலக்காரன் | சனி, பகல் 1.15
படகில் ரெசினைத் தாங்கிப் பிடிப்பது கண்ணாடி இழை. தனியாக மரத்தின்மேல் ஊற்றினால் பாலியெஸ்டர் இறுகும்போது எபாக்ஸியைவிட அதிகமாகச் சுருங்கும், மரத்தில் அந்த அளவுக்குப் பற்றவும் பற்றாது. வீட்டுக்குள் அந்த வாடை இன்னொரு தொல்லை.

பழைய உளி | சனி, மாலை 4.50
இரண்டும் வேண்டாம் என்பதே என் கட்சி. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொதியால் தேய்த்த பாலிஷுக்கு ஈடு எது? கீறல் விழுந்தால் அதே இடத்தில் மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். எபாக்ஸியில் அது நடக்குமா?

ஈரப்பதம் | சனி, மாலை 5.30
அதே அரக்குப் பாலிஷ் மழைநாளில் வெளுத்துப் பூத்துப்போவதையும், சுடு தம்ளரை வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழுவதையும் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே, ஐயா.

பழைய உளி | சனி, மாலை 6.05
வெயில் ஏறிய பிறகு தேய்க்கத் தெரியாதவர்களுக்குத்தான் பூக்கும். உங்கள் எபாக்ஸி மட்டும் சுடு பாத்திரத்தைத் தாங்குமா? பெரும்பாலான டீப்பாய் ரெசின்கள் 60 டிகிரிக்குள்ளேயே இளகத் தொடங்கிவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை வைத்தால் அடித்தடம் அப்படியே பதியும்.

மரத்தூள் | சனி, இரவு 8.20
கேள்வி கேட்டவரை மறந்துவிட்டோம். நண்பரே, இரண்டே விவரங்கள் தேவை. ஒன்று, ஒட்டுவது எல்லா இடத்திலும் ஒரே மாதிரியா? மரத்தின் மேலும் நீலத்தின் மேலும் தனித்தனியே நகத்தால் அழுத்திப் பாருங்கள். இரண்டு, 2:1 என்பதை எதனால் அளந்தீர்கள், நீலம் எங்கிருந்து வந்தது?

வாகைப்பலகை | ஞாயிறு, காலை 7.45
மரத்தின்மேல் நகம் பதியவில்லை. மெழுகு தடவியதுபோல ஒரு வழவழப்பு மட்டும் இருக்கிறது, விரலில் ஒட்டுகிறது. நீலத்தின்மேல் அழுத்தினால் குழி விழுந்து மெல்ல மேலெழுகிறது. நீல ரெசினைச் சமையலறை எடைத் தராசில் 300 கிராமுக்கு 150 கிராம் என்று வைத்துக் கலந்தேன். மறுநாள் அம்மா தராசைத் திரும்ப வாங்கிக்கொண்டதால், தெளிந்த ரெசினைக் கோடு போட்ட தம்ளரில் அளந்தேன். நிறத்துக்கு, வீட்டிலிருந்த அக்ரிலிக் பெயின்டில் நான்கு கரண்டி சேர்த்தேன்.

மரத்தூள் | ஞாயிறு, காலை 9.10
இப்போது விளங்குகிறது. உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு அல்ல, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு.

மரத்தின்மேல் இருப்பது மழையின் வேலை. காற்றிலுள்ள ஈரமும் கரியமில வாயுவும் ஹார்டனரிலுள்ள அமீன் என்ற வேதிப்பொருளோடு சேர்ந்து மேற்பரப்பில் மெழுகுபோன்ற படலத்தை உண்டாக்கும். அது நீரில் கரையும். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவம் விட்டு, துணியால் கழுவித் துடைத்து உலரவிடுங்கள். தின்னரால் துடைத்தால் இடம் மாறுமே தவிரப் போகாது. கழுவும் முன் உப்புத்தாள் போட்டாலோ, கீறல்களுக்குள் அந்தப் படலத்தையே நீங்கள் அரைத்து ஏற்றிவிடுவீர்கள்.

நீலம் வேறு கதை. உங்கள் தாளை எடுத்துப் பாருங்கள். 2:1 என்பது பெரும்பாலும் கொள்ளளவுக் கணக்காகவே இருக்கும். ரெசின் ஹார்டனரைவிடக் கனமானது. ஆகவே அதே கலவையை எடையில் சொன்னால் பொதுவாக 100-க்கு 42 முதல் 45 வரைதான் வரும். நீங்கள் வைத்ததோ 100-க்கு 50. அந்த மிகையோடு, நீர் கலந்த அக்ரிலிக் பெயின்டும் நான்கு கரண்டி சேர்ந்துவிட்டது. நிறம் எதுவானாலும் மொத்த எடையில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. உலர்ந்த மைக்கா தூளோ, ரெசினுக்கென்றே வரும் நிறப்பசையோ இருந்தால் இந்த வம்பே இல்லை.

அமிலக்காரன் | ஞாயிறு, காலை 9.40
மரத்தூள் சொல்வது சரி. அந்த நீலம் இனி இறுகாது. அதன்மேல் எதை ஊற்றினாலும், சேற்றின்மேல் சிமென்ட் பூசியதுபோல் ஆகும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை மிதமான சூட்டில் காட்டி, இளகியதும் உளியால் கிளறி முழுவதையும் எடுத்துவிட்டு, பக்கங்களை அசிட்டோனால் துடைத்து, மறுபடி ஊற்றுவதுதான் வழி. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அரைகுறையாக இறுகிய ரெசினின் தூளும் பிசுக்கும் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும், ஒருமுறை வந்துவிட்டால் அது எளிதில் விடாது. கையில் பட்டால் சோப்பால் கழுவுங்கள். தின்னரால் துடைத்தால் அது தோலுக்குள் இன்னும் ஏறும்.

ஈரப்பதம் | ஞாயிறு, காலை 11.20
குமிழியை யாரும் தொடவில்லை. காலையில் ஊற்றினால், பகலில் மரம் சூடேறும்போது துளைகளிலுள்ள காற்று விரிந்து ரெசினுக்குள் வரும். முதலில் தூரிகையால் மெல்லிய பூச்சு ஒன்றைக் கொடுத்துத் துளைகளை அடைத்துவிட்டு, பெரிய பூச்சை மாலையில் மரம் குளிரத் தொடங்கும்போது ஊற்றுங்கள். மழையைப் பொறுத்தவரை, அறைக் காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டிய நாளில் டப்பாவையே திறக்காதீர்கள். மரத்தின் ஈரத்தையும் அளக்கத்தான் வேண்டும் என்று இப்போதும் சொல்கிறேன்.

பழைய உளி | ஞாயிறு, பகல் 12.05
தாளைப் படிக்கச் சொன்னேன், கேட்கவில்லை.

அமிலக்காரன் | ஞாயிறு, பகல் 12.30
ஐயா, அவர் படித்தார். எடையா கொள்ளளவா என்பதைத்தான் கவனிக்கவில்லை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிட்டால் பாதிப் பேர் தப்பிப்பார்கள்.

வாகைப்பலகை | வெள்ளி, இரவு 9.15
கழுவியதும் மரப்பகுதி கண்ணாடியாகிவிட்டது. தாளில் கொள்ளளவு என்றுதான் போட்டிருந்தது. நீலம் அல்வாபோல வந்தது, எடுத்துவிட்டேன். மழை விட்டபின் மறுபடி ஊற்றுவேன். அக்காவுக்கு இப்போதைக்கு ஒரு குக்கர் கொடுத்தாயிற்று. எல்லோருக்கும் நன்றி.

மரத்தூள் | வெள்ளி, இரவு 9.40
மகிழ்ச்சி. மறுபடி ஊற்றுவதற்கு முன், கழுவிய மேற்பரப்பை 120 எண் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை தேய்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் புதிய பூச்சு பழையதைப் பற்றாது. வெடிப்பின் ஆழத்தை நீங்கள் இன்னும் சொல்லவில்லை.