பழைய வணிக வீதியில் 31 மாடிக் கொண்டோ: வலய மாற்ற விண்ணப்பத்துக்கு எதிராக வாடகைக் கடைக்காரர் என்ன செய்ய முடியும்?

கீழ்த்தளக்கடை எழுதியது:

வணக்கம் உறவுகளே.

ரொறன்ரோவின் மேற்கு நகரப் பகுதியில், நூறாண்டு கடந்த இரண்டு மாடிச் செங்கற் கட்டட வரிசை ஒன்றின் கீழ்த்தளத்தில் பதினேழு ஆண்டுகளாகத் தையல் கடை நடத்தி வருகிறேன். வரிசையில் நான்கு கட்டடங்கள் உள்ளன. கீழே நான்கு கடைகள், மேலே கட்டடத்துக்கு இரண்டாக வாடகை வீடுகள். கடந்த மூன்று ஆண்டுகளில் நான்கையும் ஒரே நிறுவனம் ஒவ்வொன்றாக வாங்கிவிட்டது. அப்போதே எங்களுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

சென்ற வாரம் கடை திறக்க வந்தபோது, நடைபாதையோரம் வலய மாற்ற விண்ணப்பம் பற்றிய அறிவிப்புப் பலகை நட்டிருந்தார்கள். அந்த நிலத்தில் என்ன, எவ்வளவு உயரத்துக்குக் கட்டலாம் என்ற விதியை மாற்றித் தரும்படி மாநகர சபையிடம் கேட்பதுதான் அந்த விண்ணப்பம். 31 மாடிக் கொண்டோ, அதாவது வீடு வீடாக விற்கும் அடுக்குமாடி, கட்டப் போகிறார்களாம். பலகையில் உள்ள படத்தில் எங்கள் செங்கற் சுவர் அப்படியே இருக்கிறது. அதன் முதுகிலிருந்து கண்ணாடிக் கோபுரம் எழுகிறது. என் கடை இருக்கும் இடத்தில் ஒரு காப்பிக்கடையை வரைந்திருக்கிறார்கள். வாசலில் நாயைப் பிடித்தபடி ஒரு பெண் நிற்கிறார். அந்த வாசற்படியில் கல் தேய்ந்து குழிந்த இடத்தைக்கூட அச்சொட்டாக வரைந்தவர்கள், உள்ளே இருக்கும் எங்களை மட்டும் வரையவில்லை.

அயற்கடைக்காரர் சிலர், கட்டடங்களை மரபுரிமைச் சொத்தாக அறிவிக்கச் செய்தால் திட்டம் நின்றுவிடும் என்கிறார்கள். வேறு சிலர், இதெல்லாம் மாகாணத் தீர்ப்பாயத்தில் முடிவாகும் விடயம், மாநகர சபையிடம் பேசிப் பயனில்லை என்கிறார்கள். எது உண்மை? நாங்கள் எங்கே தொடங்க வேண்டும்?

---

பழங்கோடு எழுதியது:

வணக்கம் சகோதரி. நகரத் திட்டமிடல் அலுவல்களில் சில காலம் வேலை செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். இரு தரப்பினர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

முதலில் மரபுரிமை. மாநகர சபையின் மரபுரிமைப் பதிவேட்டில் இரண்டு வகைச் சொத்துகள் உண்டு. ஒன்று, ஒன்ராறியோ மரபுரிமைச் சட்டத்தின் கீழ் முறையாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. மற்றது, வெறுமனே பட்டியலில் இடப்பட்டவை. உங்கள் முகவரி இதில் எந்த வகை, அல்லது பதிவேட்டிலேயே இல்லையா என்பதை இன்றே இணையத்தில் பாருங்கள். 2022ஆம் ஆண்டின் சட்டமூலம் 23 வந்த பிறகு, வலய மாற்ற விண்ணப்பம் ஒன்று நடப்பில் இருக்கும்போது புதிதாகப் பிரகடனம் செய்ய வேண்டுமானால் அந்தக் கட்டடம் ஏற்கெனவே பட்டியலில் இருந்திருக்க வேண்டும். அதுவும், விண்ணப்பம் முழுமையானது என்ற அறிவித்தல் வெளியானதிலிருந்து 90 நாட்களுக்குள், பிரகடனம் செய்யும் எண்ணத்தைச் சபை அறிவித்துவிட வேண்டும். உரிமையாளரும் சபையும் இணங்கினால் அந்தக் காலம் நீளலாம். பட்டியலில் இல்லாத கட்டடத்துக்கு இந்தக் கதவு மூடிவிட்டது என்றே கொள்ளுங்கள்.

பட்டியலில் இருப்பதும் நிரந்தரமல்ல. இரண்டு ஆண்டுகளுக்குள் பிரகடனம் செய்யாவிட்டால் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும், நீக்கிய பின் ஐந்து ஆண்டுகளுக்கு மீண்டும் சேர்க்க முடியாது என்று அதே சட்டம் சொன்னது. பழைய பட்டியல்களுக்கான காலக்கெடு 2024இல் நீட்டிக்கப்பட்டு 2027 சனவரி 1 ஆகியது. பல்லாயிரம் கட்டடங்களுக்கு ஒரே நாளில் கெடு வைப்பதை மரபுரிமைக் கொள்கை என்று என்னால் அழைக்க முடியவில்லை.

இனி, பிரகடனம் கிடைத்துவிட்டால் கோபுரம் நின்றுவிடுமா? பெரும்பாலும் இல்லை. பிரகடனம் காப்பது கட்டடத்தின் மரபுரிமைக் கூறுகளை. ஆகவே நடைமுறையில் பேரம் எங்கே நடக்கிறதென்றால், எவ்வளவு ஆழத்துக்குப் பழைய கட்டடம் மிஞ்சும், கோபுரம் வீதியிலிருந்து எத்தனை மீற்றர் பின்வாங்கி எழும்பும் என்பதில்தான். முழுக் கட்டடத்தையோ அதன் பெரும் பகுதியையோ காப்பதே விரும்பத்தக்கது, முகப்பை மட்டும் விட்டுவைப்பது ஊக்குவிக்கப்படுவதில்லை என்று ரொறன்ரோவின் அதிகாரபூர்வத் திட்டமே சொல்கிறது. சொல்லியும், நகரின் நடுப்பகுதியில் நடந்து பாருங்கள். பின்னால் உருக்குச் சட்டங்கள் முட்டுக்கொடுத்து நிற்க, ஒற்றைச் செங்கற் சுவர் வீதியோரம் தனியே நிற்கும். இரண்டாம் மாடி யன்னல்களூடாக வானம் தெரியும். அந்தச் சுவரும் மரபுரிமைப் பதிவேட்டில் இருப்பதுதான்.

தனிக் கட்டடமாக அல்லாமல், வட்டாரம் முழுவதையும் மரபுரிமைக் காப்பு வட்டாரமாக அறிவிப்பது இதைவிட வலிமையானது. குயின் வீதி மேற்கில் யூனிவர்சிட்டி அவென்யூவுக்கும் பாதர்ஸ்ட் வீதிக்கும் இடைப்பட்ட பகுதிக்கு 2007இல் அப்படிச் செய்தார்கள். வட்டாரத் திட்டத்துக்கும் வலயத் துணைச்சட்டத்துக்கும் முரண்பாடு வந்தால் வட்டாரத் திட்டமே மேலோங்கும். ஆனால் அதற்கான ஆய்வுக்கே ஆண்டுகள் ஆகும்; இப்போது வட்டாரத்தில் உள்ள சொத்துகளில் 25 வீதமாவது ஒவ்வொன்றும் இரண்டு மரபுரிமை அளவுகோல்களை நிறைவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. கென்சிங்ரன் மார்க்கெட் தேசிய வரலாற்றுத் தலம் என்பதால் அங்கே எதையும் இடிக்க முடியாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பட்டம் நினைவுகூரலுக்கானது. தனியார் கட்டடத்தை இடிப்பதை அது தடுக்காது.

தீர்ப்பாயம் பற்றி: வலய மாற்ற விண்ணப்பத்துக்குச் சபை 90 நாட்களில் முடிவு சொல்லாவிட்டால், விண்ணப்பதாரர் ஒன்ராறியோ நிலத் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். சபை மறுத்தாலும் செய்யலாம். அயலவர்களுக்கு அந்த உரிமை முன்பு இருந்தது. 2024இன் சட்டமூலம் 185 அதை எடுத்துவிட்டது. சபை அங்கீகரித்தால் நீங்கள் மேன்முறையீடு செய்ய முடியாது. எனவே மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, சபை முடிவெடுக்கும் முன்னரே எழுத்தில் உங்கள் கருத்தைப் பதிவு செய்யுங்கள். பின்னாளில் விண்ணப்பதாரர் தீர்ப்பாயத்துக்குப் போனால், பங்கேற்பாளராக இடம் கேட்பதற்கு அந்தக் கடிதம் துணையாகும். பங்கேற்பாளர் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. எழுத்துமூலம் அறிக்கை தரலாம்.

---

இருபத்துமூன்றாம்மாடி எழுதியது:

மாற்றுக் கருத்தொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கீழ்த்தளக்கடை அக்கா கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

நான் வசிப்பதும் அப்படியொரு முகப்புச் சுவரின் மேல் எழுந்த கொண்டோவில்தான். கிங்-ஸ்படைனா பகுதியில் இருக்கிறேன். அங்கே தொழிற்சாலைகள் வெளியேறிப் பழைய ஆடைத் தொழிற் கட்டடங்கள் வெறுமையாகக் கிடந்த காலத்தில், 1996இல் மாநகர சபை வலய விதிகளைத் தளர்த்தியது. வீடு, அலுவலகம், கலைக்கூடம் எதுவும் வரலாம் என்றார்கள். அந்தத் தளர்வு இல்லாவிட்டால் அக்கட்டடங்களில் பல வாகனத் தரிப்பிடங்களாகியிருக்கும். ஆகவே வலய மாற்றம் என்றாலே வட்டாரத்துக்குக் கேடு என்று நினைப்பது சரியல்ல. அதே தளர்வு அடுத்த கட்டத்தில் நிலத்தின் விலையை ஏற்றி, முதலில் வந்த கலைக்கூடங்களையே வெளியேற்றியது என்பதையும் மறைக்கவில்லை.

எனக்குக் கோபம் வேறிடத்தில். நகரின் மிகப் பெரிய பரப்பில் தனி வீட்டுக்கு மேல் எதுவும் கட்டக் கூடாது என்று தலைமுறைக் கணக்கில் காத்து வைத்திருந்தார்கள். 2023 மே மாதத்தில்தான் ஒரு மனையில் நான்கு குடியிருப்புகள் வரை நகரெங்கும் அனுமதித்தார்கள். வளர்ச்சி முழுவதையும் வணிக வீதிகளுக்குள் திணித்தால், பழைய கடை வரிசைதான் அடிபடும். கூட்டத்துக்குப் போய் “கோபுரமே வேண்டாம்” என்றால் வீட்டுப் பற்றாக்குறையைக் காட்டி ஒரு நிமிடத்தில் உங்களை உட்கார வைத்துவிடுவார்கள். கீழ்த்தளத்தில் ஒரு பெரிய கடை வேண்டாம், இப்போதுள்ள அகலத்தில் நான்கு சிறிய கடைகள் வேண்டும், அதை வலயத் துணைச்சட்டத்திலேயே எழுதுங்கள் என்று கேளுங்கள். எங்கள் கட்டடத்தில் அப்படி யாரும் கேட்கவில்லை. கீழே நாலாயிரம் சதுர அடியில் ஒரே கடை. ஒன்றரை ஆண்டுகள் காகிதம் ஒட்டிப் பூட்டிக் கிடந்து, கடைசியில் ஒரு வங்கிக் கிளை வந்தது.

இன்னொன்று. அங்கீகாரம் கிடைத்ததும் நாளை மறுநாள் இடிப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். கட்டுமானக் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் பொதுவாக 70 வீதமளவு குடியிருப்புகள் முன்கூட்டியே விற்றிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. கொண்டோச் சந்தை விழுந்த பிறகு, அங்கீகாரம் பெற்ற எத்தனையோ மனைகள் அப்படியே கிடக்கின்றன. சிலருக்கு அங்கீகாரமே சரக்கு. உயரத்தை வாங்கி, நிலத்தை இன்னொருவருக்கு விற்றுவிடுவார்கள்.

---

வரவுசெலவு எழுதியது:

நான் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுபவன். மேலே இருவரும் கட்டடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நான் குத்தகைப் பத்திரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

அக்கா, உங்கள் குத்தகை இன்னும் நடப்பில் உள்ளதா, அல்லது முடிந்து மாதக் கணக்கில் இருக்கிறீர்களா? மாதக் கணக்கு என்றால் ஒரு மாத அறிவித்தலோடு வெளியேற்றலாம். கோபுரம் வருகிறதோ இல்லையோ. நடப்பில் இருந்தால், இடிப்புப் பிரிவு என்று ஒன்று இருக்கிறதா எனக் கடைசிப் பக்கங்களையும் இணைப்புகளையும் தேடுங்கள். கட்டடத்தை இடிக்கவோ புதுப்பிக்கவோ உரிமையாளர் முடிவு செய்தால், குறிப்பிட்ட மாத அறிவித்தலில் குத்தகையை முறிக்கலாம் என்று அதில் இருக்கும். புதிய உரிமையாளர் குத்தகையைப் புதுப்பிக்கும்போது இதைச் சத்தமில்லாமல் சேர்ப்பது வழக்கம். வாடகையை ஐம்பது டொலர் குறைத்துத் தந்த மகிழ்ச்சியில் கையெழுத்திட்டவர்களை எனக்குத் தெரியும். ஒன்ராறியோவில் வணிக வாடகைக்கு உச்சவரம்பு கிடையாது. வீட்டு வாடகையாளருக்கு உள்ள பாதுகாப்பில் கால்வாசிகூடக் கடைக்காரருக்கு இல்லை.

வெளியேற்றாமலும் வெளியேற்றலாம். ரி.எம்.ஐ. என்று வாடகைக்கு மேலாக நாம் கட்டும் தொகையில் (வரி, பராமரிப்பு, காப்புறுதி) முதலாவது சொத்து வரி. நிலத்தின் மதிப்பை அதன் மிகப் பயனுள்ள பயன்பாட்டை வைத்துக் கணிக்கும்போது, இரண்டு மாடிக் கடைக்கும் அதன் மேல் இல்லாத 29 மாடிகளுக்குமாகச் சேர்த்து வரி வரக்கூடும். அதை உரிமையாளர் அப்படியே கடைக்காரரிடம் தள்ளிவிடுவார். இப்போது பயன்பாட்டில் உள்ள மதிப்பீடு இன்னமும் 2016 சனவரி 1 நிலவரப்படிதான். அடுத்த மறுமதிப்பீடு வரும்போது இந்த வீதிகளில் அதிர்ச்சி காத்திருக்கிறது. தகுதியுள்ள சிறு வணிகச் சொத்துகளுக்கு 2022 முதல் மாநகர வரியில் குறைப்பு உண்டு. அந்தக் குறைப்பு உங்கள் ரி.எம்.ஐ. கணக்கில் வந்து சேர்ந்ததா என்று உரிமையாளரிடம் வரிச்சீட்டைக் கேட்டுப் பாருங்கள்.

---

கீழ்த்தளக்கடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாட்களாக இதே வேலைதான்.

பதிவேட்டில் பார்த்தேன். நான்கில் மூலைக் கட்டடம் மட்டும் பட்டியலில் இருக்கிறது, என்னுடையது இல்லை. ஒரே ஆண்டில் ஒரே கையால் கட்டியது போன்ற நான்கு சுவர்களில் ஒன்றுக்கு மட்டும் எப்படி மரபுரிமை வந்தது என்று விளங்கவில்லை. குத்தகை இன்னும் இரண்டு ஆண்டுகள் நடப்பில் இருக்கிறது. வரவுசெலவு தம்பி சொன்னபடியே கடைசி இணைப்பில் இடிப்புப் பிரிவு இருந்தது. ஆறு மாத அறிவித்தல். கையெழுத்து என்னுடையதுதான். வாடகையை ஐம்பது டொலர் குறைக்கவும் இல்லை.

மேலே குடியிருப்பவர்களுக்கு ஏதாவது வழி உண்டா? என் தலைக்கு மேலே இருக்கும் வீட்டில் ஒரு முதியவர் முப்பது ஆண்டுகளாக இருக்கிறார். கட்டடத்துக்கு இரண்டு வீடுகள்தான், அதனால் மாற்று வீடு தர வேண்டிய கட்டாயம் இல்லை என்று நிறுவனத்தின் ஆள் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனாராம்.

---

பழங்கோடு எழுதியது:

அந்த ஆள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முதியவரிடம் இன்றே சொல்லுங்கள். ரொறன்ரோவில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வாடகை வீடுகளை இடிப்பதற்கு மாநகர சபையின் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதியோடு, இடிக்கும் வீடுகளுக்கு ஈடாகப் புதிய கட்டடத்தில் வாடகை வீடுகள் தர வேண்டும், பழைய வாடகையாளர் ஒத்த வாடகையில் திரும்பி வர வழி செய்ய வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் வரும். 2007இன் துணைச்சட்டம் அந்த ஆறைக் கட்டடம் கட்டடமாக மட்டும் எண்ணுவதில்லை. ஒரே திட்டமிடல் விண்ணப்பத்துக்குள் அடங்கும் கட்டடங்களை ஒரு தொகுதியாகவே எண்ணுகிறது. நான்கு கட்டடங்கள், கட்டடத்துக்கு இரண்டு: எட்டு. உரிமையாளர் ஒருவர், விண்ணப்பம் ஒன்று.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. விண்ணப்பத்துக்கு முன்பே சில வீடுகளை வெறுமையாக்கி, அவை குடியிருப்புகளே அல்ல, களஞ்சியம் என்று காட்டியிருக்கலாம். மாநகர சபையின் விண்ணப்பத் தகவல் மையத் தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டால் ஆவணங்கள் கிடைக்கும். திட்டமிடல் விளக்க அறிக்கையிலும், இருந்தால் வீட்டு விவகார அறிக்கையிலும், இப்போதுள்ள வாடகை வீடுகள் எத்தனை என்று எழுதியிருப்பார்கள். அந்த எண்ணைப் பாருங்கள். எட்டு இல்லாவிட்டால், குடியிருந்தவர்களின் பெயர், இருந்த காலம், வாடகைப் பற்றுச்சீட்டு ஆகியவற்றைத் திரட்டி, கோப்புக்குப் பொறுப்பான திட்டமிடல் அலுவலருக்கும் உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் எழுத்தில் அனுப்புங்கள். இதற்கிடையில் யாராவது வெளியேறும் ஒப்பந்தத்தோடு வந்தால் மேல்வீட்டுக்காரர் எவரும் கையெழுத்திட வேண்டாம். இடிப்பதற்காக வெளியேறச் சொல்லும் என்13 அறிவித்தல் என்றாலும் அதற்கு 120 நாட்கள் அவகாசம் உண்டு. வாடகையாளர் தாமாக வெளியேறாவிட்டால் வாடகை விவகார மன்றின் உத்தரவும் வேண்டும்.

மூலைக் கட்டடம் பட்டியலில் இருப்பதையும் வீணாக்காதீர்கள். 90 நாள் கணக்கு அதற்கு ஓடிக்கொண்டிருக்கிறது. மரபுரிமைப் பிரிவுக்குக் கடிதம் எழுதுங்கள். அதில் நான்கு கட்டடங்களும் ஒரே வரிசையாகக் கட்டப்பட்டவை என்பதைக் காட்டும் காப்புறுதி நிறுவனங்களுக்காகக் கட்டடங்களைக் குறித்து வரைந்த பழைய வரைபடம், வீதிப் படம் எது கிடைத்தாலும் இணையுங்கள். மற்ற மூன்றையும் இனிப் பிரகடனத்துக்குள் கொண்டுவர முடியாது. ஆனால் மூலைக் கட்டடத்தின் பெறுமதியே அது வரிசையின் தலைக் கட்டடம் என்பதுதான் என்று நிறுவினால், பக்கத்துச் சுவர்களை எவ்வளவு இடிக்கலாம் என்ற பேரத்தில் அலுவலர்களின் கை ஓங்கும்.

அறிவிப்புப் பலகையில் திகதி போட்டிருக்கும். அதை ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், நாள் எண்ணிப் பார்க்கலாம்.

---

கீழ்த்தளக்கடை எழுதியது:

பலகையில் உள்ளது வைத்த திகதி மட்டும்தான். முழுமையான விண்ணப்பம் என்ற அறிவித்தலின் திகதி தளத்தில் இருந்தது: இன்றோடு 38 நாட்கள். ஆவணத்தில் வாடகை வீடுகள் ஐந்து என்று போட்டிருக்கிறார்கள். கடையை மூடிவிட்டு மேலே போகிறேன். முதியவரிடம் பற்றுச்சீட்டெல்லாம் ஒரு பிஸ்கற் பேணிக்குள் இருக்கிறதாம்.