1950-களின் ஹாலிவுட் மேக்கப்: கண் வால் தொங்குகிறது, சிவப்பு கசிகிறது, பவுடர் சாம்பல் பூக்கிறது

கண்மைடப்பா:
அடுத்த சனிக்கிழமை பழைய ஹாலிவுட் பாணியில் ஒரு மாலை விருந்து. 1950-களின் முகம் வேண்டும்: ஓரத்தில் லைனரால் வால் இழுத்த கண், சிவப்பு உதடு, பளபளப்பில்லாத பட்டுச் சருமம். என் நிறம் மாநிறத்தைவிட ஒரு படி அடர்த்தி. நெற்றியும் மூக்கும் எண்ணெய், கன்னம் வறட்சி. கண்ணைத் திறந்தால் இமை மடிப்புக்குள் போய்விடும்.

ஒத்திகையில் மூன்று இடம் உதைக்கிறது. கண்ணை மூடி வரைந்த வால், திறந்ததும் நடுவில் ஒடிந்து கீழே தொங்குகிறது. லிப்ஸ்டிக் ஒரு மணி நேரத்தில் மேலுதட்டுக் கோடுகள் வழியே ஏறுகிறது. கண்ணாடியில் சரியாக இருக்கும் முகம் ஃபிளாஷ் படத்தில் சாம்பல் பூத்துவிடுகிறது.

கையில் இருப்பவை: லிக்விட் ஃபவுண்டேஷன், வெள்ளை ட்ரான்ஸ்லூசன்ட் பவுடர், கருப்பு ஜெல் லைனர், க்ரீம் வகைச் சிவப்பு லிப்ஸ்டிக், முழு நீளப் பொய் இமை (ஒட்டும் இமைமுடி) ஒரு ஜோடி. புருவம் நேராக, அடர்த்தியாக இருக்கிறது. பசைக் குச்சி பூசி மறைத்துவிட்டு மெல்லிசாக வரையலாமா?

பழையரீல்:
1950 என்று பத்தாண்டைச் சொல்லிக் கேட்டதே பாதி வேலை முடிந்த மாதிரி. பழைய ஹாலிவுட் என்று ஒரே முகம் கிடையாது. முப்பதுகளில் நூல் புருவம், மினுங்கும் இமை. நாற்பதுகளில் புருவம் இயல்புக்குத் திரும்பியது, மேலுதடு வில்லாக விரிந்தது. ஐம்பதுகளில்தான் வால், அடர்ந்த புருவம், முழு உதடு. நூல் புருவத்தையும் கண் வாலையும் ஒரே முகத்தில் போட்டால் மாறுவேடப் போட்டி ஆகிவிடும். பசைக் குச்சி உங்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

கருப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து நிறம் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். மௌனப் படக் காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, அது கருப்பாகவே பதியும். அந்தப் படங்களில் உதடு மை பூசியதுபோல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது சருமம். அதுவரை இருந்த க்ரீஸ்பெயின்ட் என்ற எண்ணெய்ப் பூச்சு பிசுபிசுப்பாகப் பளபளத்ததால், டெக்னிகலர் என்ற வண்ணப் படத்தில் பக்கத்து நிறமெல்லாம் முகத்தில் ஏறியது. அதற்கு விடையாக 1937-ல் ஹாலிவுட் மேக்கப் நிறுவனமான மேக்ஸ் ஃபேக்டர் கொண்டுவந்ததுதான் பான்கேக்: வில்லையாக அழுத்திய மேக்கப், ஈர ஸ்பாஞ்சால் மெல்லிசாகப் பூசுவது. ஈரத்தோடு மெல்லிசாக, பளபளப்பில்லாமல் என்ற அந்த முறையை லிக்விட் ஃபவுண்டேஷனிலும் கொண்டுவரலாம்.

மாய்ஸ்சரைசர் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். ஊறாமல் மேலே நிற்பதை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். எண்ணெய் இழுக்கும் ப்ரைமர் (மேக்கப்புக்கு அடிப்பூச்சு) நெற்றி, மூக்கு, முகவாய் மட்டும். கன்னத்தில் போட்டால் வறட்சி செதில் செதிலாகத் தெரியும். ஃபவுண்டேஷன் முகம் முழுக்க இரண்டு பட்டாணி அளவு போதும். நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் தட்டித் தட்டிப் பரப்புங்கள். இழுத்தால் கோடு விழும். கறை தெரியும் இடத்துக்கு மட்டும் கன்சீலர், அதாவது கறையை மறைக்கும் க்ரீம். க்ரீம் ப்ளஷ் என்றால் பவுடருக்கு முன்பே, கன்ன எலும்பின் மேல்பகுதியில் கொஞ்சமாக. பவுடருக்கு மேல் க்ரீம் வைத்தால் திட்டுத் திட்டாகும்.

சாம்பல் பூப்பதற்கு முதல் சந்தேகம் அந்த வெள்ளைப் பவுடர்மேல்தான். ட்ரான்ஸ்லூசன்ட் என்று எழுதியிருந்தாலும், சிலிக்கா மிகுந்த பவுடர் ஃபிளாஷ் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும். டைட்டானியம் டையாக்சைடு, ஜிங்க் ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீனும் அதே வேலையைச் செய்யும். மாலை விருந்துக்கு அது தேவையில்லை. உங்கள் நிறத்துக்கு மஞ்சளோ பீச்சோ ஓடும் அடர்ந்த நிறப் பவுடர் வாங்குங்கள். ஃபவுண்டேஷனும் ரோஸ் பக்கம் சாய்ந்திருந்தால் பவுடரை மாற்றியும் பலன் இல்லை. தாடையிலிருந்து கழுத்துக்கு ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், கோடு காணாமல் போகும் நிறம்தான் உங்களுடையது. விளக்கை அணைத்துவிட்டு ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தால் அரை நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

பவுடரைப் பிரஷ்ஷால் வீசாதீர்கள். வெல்வெட் பஃப்பில் எடுத்து, பஃப்பை இரண்டாக மடித்துத் தேய்த்தால் பவுடர் நாருக்குள் இறங்கும். மிச்சத்தைப் புறங்கையில் தட்டிவிட்டு, முகத்தில் அழுத்தி லேசாக உருட்டுங்கள். எண்ணெய் இடங்களில் இரண்டு மூன்று தடவை, கன்னத்தில் ஒரே ஒரு தடவை. பிறகு பெரிய பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். கீழிருந்து மேலாகத் துடைத்தால் பூனை முடியெல்லாம் நிமிர்ந்து நின்று பவுடரைக் காட்டிக்கொடுக்கும். கடைசியில் பிழிந்த ஈர ஸ்பாஞ்சை முகமெங்கும் ஒரு தடவை ஒற்றினால் மாவுத்தன்மை போய்ப் பட்டு மாதிரி ஆகிவிடும். பலர் விட்டுவிடுவது இந்த ஒன்றைத்தான்.

செவ்விதழ்:
உதட்டுக்கு நான் வரேன். மேலே ஏறுறதுக்குக் காரணம் எளிது. க்ரீம் லிப்ஸ்டிக்ல எண்ணெய் அதிகம், உடம்புச் சூட்டுல இளகும். சுத்தி இருக்கற தோல்ல க்ரீமோ ஈரமோ இருந்தா, திரி எண்ணெயை உறிஞ்சற மாதிரி அந்த மெல்லிய கோடுகள் இழுத்துக்கும். அதனால முதல் வேலை, உதட்டைச் சுத்தி ஒரு விரல் அகலத்துக்குப் பிசுக்கு இல்லாம வச்சுக்கறது. லிப் பாம் மேக்கப் ஆரம்பிக்கும்போதே போட்டுடுங்க, லிப்ஸ்டிக்குக்கு முன்னாடி சுத்தமா ஒற்றி எடுத்துடுங்க.

லைனர் பென்சிலைக் கூராச் சீவிக்கோங்க. மேலுதட்டு நடுப்பள்ளத்துல சின்னதா ஒரு பெருக்கல் குறி, கீழுதட்டு நடுவுல ஒரு சிறு கோடு. அப்புறம் வாயை லேசாத் திறந்து, ஓரத்துலேர்ந்து நடுவை நோக்கி வரைங்க. ஐம்பதுகள் உதடு உருண்டு நிறைஞ்சு இருக்கணும், அதனால நடுமேட்டுல ஒரு மில்லிமீட்டர் வெளியே போகலாம். வாயோரத்துல மட்டும் இயற்கைக் கோட்டைத் தாண்டாதீங்க. பேசும்போதும் சிரிக்கும்போதும் அந்த இடம்தான் மடியும், கோமாளி மாதிரி ஆயிடும். லைனர் லிப்ஸ்டிக் நிறமோ, அதைவிட அரைப் படி அடர்த்தியோ இருக்கட்டும். பழுப்பு லைனர் போட்டா நேரா தொண்ணூறுகளுக்குப் போயிடுவீங்க.

உதடு முழுக்க லைனரால நிரப்பிட்டு, தட்டைப் பிரஷ்ஷால லிப்ஸ்டிக் மெல்லிசா ஒரு பூச்சு. டிஷ்யூவைக் கடிச்சு ஒற்றுங்க. டிஷ்யூவைப் பிரிச்சா இரண்டு தாளா வரும். அதுல ஒத்தைத் தாளை உதட்டுமேல வச்சு, அது வழியா பவுடரைப் பிரஷ்ஷால தட்டுங்க. நேரடியாத் தட்டினா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடும். மறுபடி ஒரு பூச்சு, ஒற்றல், முடிஞ்சது. மூணாவது பூச்சுக்கு ஆசைப்படாதீங்க, கசியறது அதுதான். வெளி விளிம்பை நுனி தட்டையான சின்னப் பிரஷ்ல கன்சீலர் எடுத்துச் செதுக்கி, உடனே பவுடர் வச்சு அழுத்துங்க. கன்சீலரை ஈரமா விட்டா அதுவே கசிவுக்கு வழி போடும்.

நிறம்: உதடு இயல்பிலேயே கருத்திருந்தா ஆரஞ்சு சிவப்பு மேலே போனதும் செங்கல் நிறமாயிடும். நீலம் ஓடற செர்ரிச் சிவப்பு எடுங்க, பல்லும் வெள்ளையாத் தெரியும். மேட், அதாவது பளபளப்பில்லாத, லிக்விட் லிப்ஸ்டிக் நாள் முழுக்க நிக்கும்தான், ஆனா ஐம்பதுகள் உதட்டுல மெல்லிய மினுமினுப்பு உண்டு. வறண்ட மேட் அந்தக் காலத்து முகத்துல ஒட்டாது.

இமைக்கோடு:
வால் ஒடிவதற்குக் காரணம் கேள்வியிலேயே இருக்கிறது: கண்ணை மூடி வரைகிறீர்கள். மூடிய கண்ணில் தோல் விரிந்திருக்கும். திறந்ததும் மடிப்பு, கோட்டின் நடுவில் ஒரு துண்டை விழுங்கிவிடும்.

கண்ணாடியைக் கண் மட்டத்தில் வையுங்கள். முகவாயைத் தூக்காமல் நேராகப் பார்த்து, புருவத்தைத் தளர்த்திக்கொள்ளுங்கள். கீழிமைக் கோட்டை அப்படியே வெளியே நீட்டினால் புருவ நுனியை நோக்கிப் போகும். அந்தத் திசையில், கண்ணோரத்திலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி. மறுகண்ணிலும் புள்ளி வைத்து, இரண்டும் ஒரே உயரமா என்று பார்த்த பிறகுதான் கோடு. புள்ளியை அழிப்பது சுலபம், வாலை அழித்தால் சுற்றியுள்ள ஃபவுண்டேஷனும் போகும். கண் திறந்தபடியே புள்ளியிலிருந்து ஓரம் வரை கீழ்விளிம்பை இழுங்கள். பிறகு மேல்விளிம்பு, மடிப்பின்மேல் நேராக. இப்போது கண்ணை மூடினால் மடிப்பு இருந்த இடத்தில் சின்னப் படி ஒன்று தெரியும். அதை நிரப்புங்கள், நேராக்க முயலாதீர்கள். மூடிய கண்ணில் கோணலாக இருந்தால்தான் திறந்த கண்ணில் நேராக இருக்கும்.

உள்மூலையில் கோடு மயிரிழை அளவு, வெளியோரத்தில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். இமை தெரியாத கண்ணில் கோடு தடித்தால் இமையே இல்லாமல் போகும். ஜெல் எதிர் இமையில் ஒட்டாமல் இருக்க, முன்னதாகவே இமையில் ப்ரைமரும் துளிப் பவுடரும். கோடு காய்ந்ததும் அதே கருப்பில் ஐஷேடோவைச் சிறு பிரஷ்ஷால் அதன்மேல் ஒற்றுங்கள். வாலின் கூர்மை வரைவதில் வருவதில்லை. கீழ்விளிம்பைக் கன்சீலர் பிரஷ்ஷால் ஒரே இழுப்பில் துடைப்பதில்தான் வரும்.

இமையில் மேட் பீஜ். பழுப்பு நிழலை இயற்கை மடிப்பில் வைக்காமல் அதற்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் மேலே வைத்தால் கண் திறந்த பிறகும் தெரியும். கீழே வெளியோர மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் பழுப்பு, மெல்லிசாக. கீழிமைக்குள் கண்மை கூடவே கூடாது! பழக்க தோஷத்தில் கை அங்கே போகும், போனால் கண் சுருங்கி வேறு காலத்து முகமாகிவிடும்.

பொய் இமையை முழுதாக ஒட்டாதீர்கள். வெளிப்பாதியை மட்டும் வெட்டி எடுங்கள், கண் மேல்நோக்கி நீளும். பசை பூசி அரை நிமிடம் காத்திருந்து, பிசுக்கென்று ஆன பிறகு, மேசையில் கிடக்கும் கண்ணாடியைக் குனிந்து பார்த்தபடி ஒட்டுங்கள். வெளிமூலைக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே முடியட்டும். மூலையைத் தாண்டினால் எவ்வளவு நன்றாக வால் இழுத்திருந்தாலும் கண் தொங்கும். பசையில் சிலருக்கு ஒவ்வாமை தரும் லேடெக்ஸ் இருக்கலாம், இரண்டு நாள் முன்பே முழங்கை உட்புறம் தடவிச் சோதித்துவிடுங்கள்.

ஒளிக்கோணம்:
பசைக் குச்சி வேண்டாம் என்பதில் பழையரீலோடு முழுதாக உடன்பாடில்லை. முப்பதுகள் முகத்துக்கு அது நல்ல வழி, சிரைப்பதைவிட நிச்சயம் மேல். தண்ணீரில் கரையும், நச்சில்லாத குச்சியை மேல்நோக்கிச் சீவிய புருவத்தில் மெல்லிசாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. பிறகு பவுடர், கருமையை அடக்க ஆரஞ்சு கரெக்டர் (நிறம் திருத்தும் க்ரீம்), கன்சீலர், மறுபடி பவுடர். ஆனால் தண்ணீரில் கரைவதுதான் அதன் பலவீனமும். வியர்த்தால் ஓரம் எழும்பும். அடர்ந்த புருவத்தோடு ஆட்டமும் உண்டென்றால் தாங்காது.

படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த ஸ்டூடியோ உருவப்படங்களில் சருமம் பளிங்காக இருப்பது மேக்கப்பால் மட்டும் இல்லை. ஜார்ஜ் ஹரெல் போன்றோர் எடுத்த படங்களின் நெகட்டிவ்களில் பென்சிலால் திருத்தம் செய்தார்கள். மீதி ஒளி. ஒரே விளக்கை முகத்துக்கு நேர் எதிரே, கண் மட்டத்துக்கு மேலே சாய்வாக வையுங்கள். மூக்குக்குக் கீழே பட்டாம்பூச்சி வடிவில் குட்டி நிழல் விழ வேண்டும், உதட்டைத் தொடக் கூடாது. நடிகை மார்லீன் டீட்ரிச்சின் கன்னக்குழிவை எடுத்துக்காட்டிய ஒளி அதுதான். மார்புக்குக் கீழே ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால் கண்ணுக்குக் கீழுள்ள நிழல் கரையும். போனை ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்து இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். கிட்டத்தில் எடுத்தால் மூக்கு பெருக்கும். கருப்பு வெள்ளையாக மாற்றும்போது பச்சை ஃபில்டர் போட்டால் உதடு கருக்கும், சிவப்பு ஃபில்டர் போட்டால் உதடே காணாமல் போகும்.

கண்மைடப்பா:
புள்ளி முறை வேலை செய்கிறது, கண் திறந்ததும் வால் நேராக நிற்கிறது. பவுடரை மாற்றிவிடுகிறேன். அப்படியானால் நேர் புருவத்தை என்ன செய்வது?

பழையரீல்:
அப்படியே விடுங்கள். ஆட்ரி ஹெப்பர்னுடையது அடர்ந்த, ஏறக்குறைய நேரான புருவம். மர்லின் மன்றோவுடையது வளைந்து உச்சி கூர்ந்தது. இரண்டும் ஐம்பதுகள்தான். உங்களுக்கு முதலாவது கையிலேயே இருக்கிறது. மேல்விளிம்பின் வெளி மூன்றில் ஒரு பங்கில் பென்சிலால் முடி முடியாக இரண்டு மில்லிமீட்டர் உயர்த்தி, வால் நுனியை மட்டும் கூராக்குங்கள். கீழ்விளிம்பைத் தொட வேண்டாம்.

செவ்விதழ்:
ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. தலைவழியாப் போடற உடுப்புன்னா, பவுடர் வரைக்கும் முடிச்சு, முகத்துமேல மெல்லிய துணி ஒண்ணைப் போட்டுக்கிட்டு உடுத்துங்க. பொய் இமையும் உதடும் அதுக்கு அப்புறம். லிப்ஸ்டிக் காஞ்சதும் ஆள்காட்டி விரலை வாய்க்குள்ள வச்சு, உதட்டைக் குவிச்சு வெளியே இழுங்க. பல்லுல ஒட்டப்போற சிவப்பெல்லாம் விரலோட வந்துடும்.