சென்னை – யாழ்ப்பாணம் விமானத்தில் போனவர்கள் உதவுங்கள்

வணக்கம். அம்மாவை யாழ்ப்பாணத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். சென்னையிலிருந்து பலாலி (யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் இடம்) நேர்கோட்டில் சுமார் 350 கிலோமீட்டர்தான். சின்ன ஏடிஆர் விமானம், ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். கொழும்பில் இறங்கினால் அப்புறம் தரைவழியாகவே 400 கிலோமீட்டர் வடக்கே வரவேண்டும்; அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகவே ஆகாது.

ஏடிஆரில் வால்பக்கக் கதவின் குறுகலான படியில்தான் ஏறவேண்டும், அதுதான் பெரிய கவலை. சக்கர நாற்காலியில் வருபவர்களை எப்படி ஏற்றுகிறார்கள்? பலாலியில் பாஸ்போர்ட் சோதனை, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர எவ்வளவு நேரமாகும்? அங்கிருந்து நல்லூருக்கு வண்டி உடனே கிடைக்குமா, முன்பே சொல்லி வைக்கணுமா? வயதானவர்களோடு சமீபத்தில் போய்வந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.