எம்டன் எரித்த எண்ணெய்த் தொட்டி: பழைய போட்டோவைக் காப்பாற்ற உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் சட்டம் போட்ட ஒரு போட்டோ கிடைத்தது. கருகி நெளிந்த பெரிய எண்ணெய்த் தொட்டி; அதன் முன்னால் மடக்கிய குடையை ஊன்றியபடி அண்ணாந்து பார்க்கும் ஒரு வேட்டிக்காரர். பின்பக்கம் பென்சிலில் ‘எம்டன், 1914’ என்று இருக்கிறது. செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனித் தொட்டிகளைக் கொளுத்தியதே, அதுதான். கண்டிப்பான ஆளை இன்றும் ‘எம்டன்’ என்கிறோம். அந்தப் பெயரின் நெருப்பையே கையில் வைத்திருப்பதுபோல் உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் ஈரம் பட்டு, குடைக்காரரின் முகம் இருக்கும் மூலை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரிக்கப் பயமாக இருக்கிறது. கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்யலாமா? சென்னையில் பழைய போட்டோக்களைச் செப்பனிடுபவர் யாராவது தெரியுமா? அப்புறம், இது அசல் பிரதியா, பிறகு எடுத்த நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.