மறு: ‘வெள்ளைப்படுதல்’ வேண்டாம், ‘கம்பிப்பதம்’னு வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் ஐயா நம்ம குழுவுக்கு அனுப்பின மருத்துவச் சொல் பட்டியல்ல, கருப்பைவாயில இருந்து வர்ற கசிவுக்கு ‘கருப்பைவாய்ச் சளி’ன்னு ஒண்ணு இருந்துச்சு, அதைப் பாத்ததுல இருந்து மனசு கேக்கல, அதான் எழுதறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

என் பையனுக்கு 1 வருஷம் 10 மாசம். இன்னும் பால் குடிக்கிறான், ராத்திரி ரெண்டு தடவையாவது எந்திரிப்பான். எனக்கு இன்னும் விலக்காகல. அடுத்த பிள்ளை வேணும்னு எங்க ரெண்டு பேருக்கும் ஆசை, பிரசவத்துக்கு அப்புறம் 24 மாசமாவது இடைவெளி விட்டு அடுத்ததுக்கு முயற்சி பண்ணுங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுதுல்ல, அதுக்குள்ள உடம்போட கணக்கு பிடிபட்டுடும்னு நினைச்சேன். வேப்பிலைய அரைச்சுத் தடவி பால மறக்கடி, அப்பதான் தங்கும்னு அத்தை சொல்றாங்க. எனக்கு மனசு வரல. அவனா விடட்டும், உடம்பு எப்ப திரும்புதுன்னு நானே பாத்துக்கறேன்னு ஒரு நோட்டு போட்டுக் குறிக்க ஆரம்பிச்சேன், அங்கதான் சொல் இல்லாம நின்னுட்டேன்.

முதல்ல ‘பாலூட்டு மாதவிடாயின்மை’, பால் குடுக்கறதால விலக்காகாம இருக்கறது. அதைக் கருத்தடையா நம்பணும்னா 1988ல இத்தாலில பெல்லாஜியோவுல வல்லுநர்கள் கூடிச் சொன்னது மூணு நிபந்தனை: விலக்காகியிருக்கக் கூடாது, குழந்தைக்கு 6 மாசத்துக்குள்ள இருக்கணும், முழுசா இல்லன்னா கிட்டத்தட்ட முழுசா தாய்ப்பால்தான் குடிக்கணும். மூணும் சேந்திருந்தா 98 சதவீதத்துக்கு மேல கரு தங்காது. ஆனா சொல்லுல ‘மாதவிடாயின்மை’ மட்டும் நிக்கறதால மத்த ரெண்டையும் ஜனங்க விட்டுடறாங்க. சூலகத்துல இருந்து முட்டை வெளிய வர்றது முதல்ல, ரத்தம் வர்றது அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு. “விலக்காகாமலே உண்டாயிட்டா”ன்னு ஊர்ல சொல்வாங்களே, அது இதுதான். என்னை மாதிரி காத்துக்கிட்டு இருக்கறவளுக்கு ரத்தம் வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தா அந்த முதல் முட்டை தெரியாமலே போயிடும்.

தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்தேன். முட்டை வந்ததுக்கு அப்புறம் புரோஜெஸ்டிரான்ங்கற ஹார்மோனால உடம்புச் சூடு 0.2ல இருந்து 0.5 டிகிரி செல்சியஸ் வரைக்கும் ஏறும், ஆனா குறைஞ்சது 3 மணி நேரமாவது சேந்தாப்புல தூங்கி எந்திரிச்சுப் பாக்கணுமாம், பால் குடிக்கிற புள்ளைய வெச்சுக்கிட்டு அது நடக்கற காரியமா சொல்லுங்க, அதுவும் போக சூடு ஏறினதைப் பாக்கறதுக்குள்ள முட்டையோட ஆயுசு முடிஞ்சிருக்கும், 12ல இருந்து 24 மணி நேரம்தான். முட்டை வரப்போறதைச் சிறுநீர்ல காட்டற எல்ஹெச் ஸ்ட்ரிப்பும் வாங்கினேன். மாசக் கணக்கே இல்லாதவ எந்த நாள்ல ஆரம்பிக்கறது?

கடைசில மிஞ்சினது கருப்பைவாயில இருந்து வர்ற அந்தக் கசிவுதான். முட்டை முதிர முதிர ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோன் ஏறும், அப்ப அந்தக் கசிவு தண்ணி கூடி, கண்ணாடி மாதிரி தெளிஞ்சு, வழுக்கும். விந்தணு அதுக்குள்ள 5 நாள் வரைக்கும் உயிரோட இருக்கும். முட்டை வந்ததும் புரோஜெஸ்டிரான் அதை மறுபடி கெட்டியாக்கிடும். ஆஸ்திரேலியாவுல ஜான் பில்லிங்ஸ், ஈவ்லின் பில்லிங்ஸ்னு தம்பதி, ரெண்டு பேரும் டாக்டர், இதை வெச்சே ஒரு முறைய உருவாக்கினாங்க. முதல் விலக்குக்கு முன்னாடியே கண்ணுல படற அடையாளம்னா இதுதான்.

இதுக்குத் தமிழ்ல நம்ம வாய்ல வர்றது ஒரே சொல், ‘வெள்ளைப்படுதல்’. அது நோயோட பேரு. எனக்கு முதல் தடவை அப்படி வந்தப்ப வேற வார்த்தை தெரியாம ஒரு கிளினிக்ல போய் “வெள்ளைப்படுது”ன்னேன், பாக்கக்கூட இல்ல, கிருமிக்கு மாத்திரை எழுதிக் குடுத்துட்டாங்க. அரிப்பு, கெட்ட வாடை, பச்சை இல்ல மஞ்சள் நிறம் இருந்தா கண்டிப்பா டாக்டரைப் பாக்கணும், அதுக்கு அந்தச் சொல் இருக்கட்டும். ஆனா எனக்கு வந்தது நல்ல சேதி. அதை நோய்னு நினைச்சு பயந்தேன், அது இன்னும் வலிக்குது. ‘சளி’ன்னு சொன்னா மட்டும் என்ன, மூக்குல வர்றது, நெஞ்சுல கட்டறது, அதுதான ஞாபகம் வருது.

‘முட்டை வெள்ளைக்கரு மாதிரி’ன்னு மொழிபெயர்க்கறாங்க. எங்க பாட்டி ஆயுசுல முட்டை தொட்டதில்ல. ஆனா பாகு பதம் தெரியாத பாட்டி உண்டா? போன தீபாவளிக்கு அம்மா மைசூர்பாகுக்குப் பாகு காய்ச்சறப்ப ஒரு சொட்டு எடுத்து கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு இழுத்துப் பாத்தாங்க, கம்பி மாதிரி நீண்டுச்சு. நான் பாத்ரூம்ல பண்ற அதே சோதனை, அதே ரெண்டு விரல்! மருத்துவத்துல இதுக்கு ‘ஸ்பின்பார்க்கைட்’னு ஜெர்மன் சொல் வெச்சிருக்காங்க, நூலா இழுக்க வர்ற தன்மைன்னு அர்த்தம். அதுக்கு நம்ம அடுப்படில சொல் ஏற்கெனவே இருக்கு.

அதனால என் முன்மொழிவு: கசிவுக்குப் பொதுவா ‘கருவாய்க் கசிவு’. ஒண்ணும் இல்லாத நாள் ‘உலர்நாள்’. விரல்ல ஒட்டிக்கிட்டு நீளாம இருந்தா ‘பிசுக்குப் பதம்’, ஜாமூன் பாகுக்குச் சொல்ற மாதிரி. தெளிவா நீண்டா ‘கம்பிப்பதம்’. அந்த நாளுங்க எல்லாம் சேந்து ‘பதநாள்’.

----------

அன்பு மகளுக்கு,

நல்லா எழுதியிருக்கீங்கம்மா. ‘சளி’யை நான் திரும்பப் பெற்றுக்கறேன். ஆனா ரெண்டு தடை. பாகு இறுக இறுகத்தான் கம்பி வரும், நீங்க சொல்றது இளக இளக வருது, திசையே நேர்மாறு. பாடநூலுக்கு, அந்த ஜெர்மன் சொல்லுக்கு ஈடா ‘இழைதிறன்’ பொருந்தும்னு படுது. ரெண்டாவது, ‘பதம்’னா விதைக்கிற நிலத்து ஈரமும் ஞாபகம் வருது, பெண்ணை நிலமாப் பாக்கற பழைய உவமை மறுபடியும் உள்ள வந்துடுமோன்னு யோசனை. தொல்காப்பியக் கற்பியல்ல ‘பூப்பின் புறப்பாடு ஈராறு நாளும்’னு வருது, பூப்புன்னா இங்க விலக்கு, அதை ஒட்டி கணவன் பிரியக் கூடாத 12 நாள் அது. அங்கிருந்து ‘புறப்பாட்டு நாள்’னு எடுக்க முடியுமான்னு பாருங்க.

----------

ஐயா, நன்றி.

‘இழைதிறன்’ பாடநூல் தலைப்புக்கு இருக்கட்டும், நல்லாவே இருக்கு. திசை நேர்மாறுங்கறது உண்மைதான், ஆனா நான் பேர் வெக்கிறது விரல் பாக்கற அந்த நிலைக்கு, அது எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சுங்கறதுக்கு இல்ல. நிலத்து உவமை எனக்கும் பிடிக்காது, அதனாலதான் அடுப்படிப் பதத்தை எடுத்தேன், அங்க பதம் பாக்கறவ அவளே.

ஈராறு நாள் என்னைச் சிலிர்க்க வெச்சுது. ஆனா 12 நாள் எண்ணணும்னா முதல் நாள்னு ஒண்ணு வேணுமே ஐயா, பால் குடுக்கறவளுக்கு அந்த முதல் நாளே இல்ல. இன்னொண்ணும் இருக்கு. பிள்ளை சப்பறதால மூளையில இருந்து சூலகத்துக்குப் போற தூண்டுதல் அடங்கியே கிடக்கும், அவன் குடிக்கிறது கொறையறப்ப ஈஸ்ட்ரோஜன் ஏறும், முட்டை வராமலே மறுபடி இறங்கிடும், இப்படிப் பல தடவை நடக்கும். கம்பிப்பதம் வந்தா முட்டை வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. பாகும் அப்படித்தான, பதம் வந்து தவறிப் போகும். ‘புறப்பாட்டு நாள்’ல நாள் குறிச்ச மாதிரி ஒரு உறுதி இருக்கு, ‘பதநாள்’ல அது இல்ல, அதனால இதுதான் உண்மைக்குக் கிட்ட.

நேத்து நோட்டுல ‘கம்பிப்பதம், ரெண்டாம் நாள்’னு எழுதினேன். இன்னைக்குக் காலைல மறுபடி பிசுக்கு. அடுத்த ரெண்டு வாரம் குறிச்சுக்கிட்டே இருப்பேன், விலக்காச்சுன்னா முட்டை வந்திருக்கக்கூடும். ஆகலன்னா மறுபடி உலர்நாள்ல இருந்து எண்ணறேன்.