2021 பசளைத் தடை எதை நிரூபித்தது? (“பெரும்போகம்”, “செம்மண்” என்ற புனைபெயர்களில் இருவரின் விவாதம்)

பெரும்போகம்:
இலங்கை அரசு 2021 மே மாதம் இரசாயனப் பசளை, பீடைகொல்லி இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் அத்தடையைக் கைவிட்டது. அதற்குள் பெரும்போகம் என்ற மாரிகால நெற்பருவம் தொடங்கிவிட்டது. அரிசியில் ஏறத்தாழத் தன்னிறைவு கண்டிருந்த நாடு 2022இல் பெருமளவு அரிசியை இறக்குமதி செய்தது. தேயிலை உற்பத்தியும் ஏறக்குறைய 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடி கிலோவாகச் சரிந்தது. சேதன (இயற்கை) விவசாயத்தைப் பரிந்துரைப்போர் முதலில் இந்த இழப்புக்குப் பதில் கூற வேண்டும்.

செம்மண்:
இழப்பை நான் மறுக்கவில்லை; தேயிலைச் சரிவில் 2022இன் எரிபொருள் நெருக்கடிக்கும் பங்குண்டு என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்றுப் பசளையோ பயிற்சியோ இல்லாமல் ஒரே போகத்தில் நாடு முழுவதையும் மாற்ற முயன்றது அரசின் தவறு. சிக்கிம் 2003இல் முடிவெடுத்து, 2016இல்தான் முழுமையான சேதன விவசாய மாநிலமாக அறிவிக்கப்பட்டது. மறுபுறம், யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத அக்குடாநாடு சுண்ணக்கல் நிலத்தடி நீரையே நம்பி வாழ்கிறது. தோட்டங்களில் அளவுமீறி இட்ட யூரியாவும் மலக்குழிக் கசிவும் சேர்ந்து, பல கிணறுகளில் நைத்திரேற்று என்ற நைதரசன் உப்பின் அளவை உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லைக்கு மேலே கொண்டுசென்றுள்ளன. கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் திறனையே பாதிக்கக்கூடிய அந்த நீரின் விலையை எந்த விளைச்சல் கணக்கில் எழுதுவீர்கள்?

பெரும்போகம்:
கிணற்று நீர் பற்றிய கவலை எனக்கும் உண்டு. ஆனால் சிக்கிம் பொருத்தமான சான்றன்று. முன்பே மிகக் குறைவாக இரசாயனப் பசளை இட்ட மலைநாடு அது, தன் அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்தே பெறுகிறது. நெல்வயலின் கணக்கு வேறு. 50 கிலோ யூரியாப் பையில் 23 கிலோ நைதரசன் உள்ளது. நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசன் கொண்ட கூட்டெருவால் அதை ஈடுசெய்ய 2,300 கிலோ வேண்டும். அதிலும் முதற்போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதியே. அத்தனை எருவை ஆக்குவதற்கான மாடு எங்கே, சுமப்பதற்கான ஆள் எங்கே?

செம்மண்:
கணக்குச் சரி, ஆனால் எல்லா நைதரசனையும் வண்டியில் ஏற்ற வேண்டியதில்லை. நடவுக்கு முன் சணலை (சணப்பு என்ற பசுந்தாட் பசளைப் பயிரை) விதைத்து, பூக்கும் பருவத்தில் உழுது புதைத்தால், காற்றிலிருந்து வேர்முடிச்சுகள் பிடித்த நைதரசன் வயலிலேயே சேரும். பூவரசங்குழையைத் தாழ்ப்பது (எருவாக மண்ணில் புதைப்பது) யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த முறை. எஞ்சிய தேவைக்கு யூரியா இடட்டும். இலையின் பசுமையை ஒப்பிட்டு நைதரசன் தேவையை அறியும் இலை வண்ண அட்டையைப் பார்த்து, பயிர் கேட்கும்போது மட்டும், பிரித்து இடட்டும். யூரியாவை அடியோடு ஒழிக்க நான் கேட்கவில்லை.

பெரும்போகம்:
அவ்வளவு தூரம் நானும் உடன்படுகிறேன். எனினும் சணலுக்குத் தண்ணீரும் இரண்டு மாதக் காலமும் வேண்டும். மழையை நம்பி விதைக்கும் வன்னிக் கமக்காரருக்கு அவை இரண்டும் இல்லை. விளைச்சல் குறையும் போகங்களில் அவரது கடனை யார் ஏற்பார் என்பதை முடிவுசெய்யாமல், அவரை மாறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.