ஜெர்மனியில் முதல் விருந்து: ஆறு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கோம், எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: மியூனிக் வந்து மூணு மாசம் ஆகுது. அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, கூட வேலை பார்க்கிற ஆறு ஜெர்மன்காரங்களைச் சாப்பிடக் கூப்பிடுறோம். நாங்க ரெண்டு பேரும் சைவம், குடிக்கிற பழக்கமும் இல்லை. வீட்ல செரான் அடுப்பு (மேலே கண்ணாடி இருக்கிற மின்சார அடுப்பு). என்ன செய்யலாம், எவ்வளவு செய்யலாம்?

பதில் 1:
முதல் வேலை சமையல் இல்லை, கேட்பது. ரெண்டு மூணு வாரம் முன்னாடியே அழைத்துவிடுங்கள். கூடவே "சாப்பாட்டில் எது ஒத்துக்காது?" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். இங்கே அதைத் தப்பாக எடுத்துக்க மாட்டார்கள், கேட்காவிட்டால்தான் சங்கடம். ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவு லேபிளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் 14. அதில் கடுகு உண்டு, எள் உண்டு. அதாவது நம் தாளிப்பும் நல்லெண்ணெயும் அந்தப் பட்டியலில் வருகின்றன. முந்திரி, வேர்க்கடலை, பால், கோதுமையும் அப்படியே. பலரும் கவனிக்காதது பெருங்காயம்: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஆகாதவர் வருகிறார் என்றால் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள், இல்லையென்றால் பெருங்காயமே வேண்டாம். பால் பொருள் தொடாத வீகன் ஒருவர் இருந்தால் கவலையே இல்லை. நெய்யையும் மோரையும் தனியாக வைத்துவிட்டால் முக்கால்வாசி விருந்து அவருக்கும் ஆகும்.

மது இல்லை என்பதை அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள், யாரும் வருத்தப்பட மாட்டார்கள். சொல்லாவிட்டால் கையில் ஒயினோடு வருவார்கள். வந்துவிட்டால் திறப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். திறப்பதென்றால் வீட்டில் கார்க் திறப்பான் இருக்கணும்.

எட்டு பேருக்கு (நீங்கள் ரெண்டு பேரும் சேர்த்து) அளவு: அரிசி 600 கிராம். சாம்பாருக்குத் துவரம்பருப்பு 250 கிராம், எலுமிச்சை அளவு புளி. ரசம் ஒன்றரை லிட்டர். பொரியலுக்கு பீன்ஸ் 800 கிராம். அப்பளம், தயிர். பாயசத்துக்கு ஒரு லிட்டர் பாலுக்கு 100 கிராம் சேமியா, 150 கிராம் சர்க்கரை. இது போதும். பன்னிரண்டு வகை செய்தால் வந்தவர்களோடு பேச உங்களுக்கு நேரம் இருக்காது.

சாமான்களை வெள்ளிக்கிழமையே வாங்கிவையுங்கள். கொத்தமல்லி, புதினா துருக்கிக் கடையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். கறிவேப்பிலைக்குத் தமிழ்க்கடை, வாங்கி உறைநிலைப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். ஊரிலிருந்து வருபவரிடம் வாழை இலையும் கறிவேப்பிலையும் கொண்டுவரச் சொல்லாதீர்கள். 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும் வெளிநாட்டுப் பச்சைத் தாவரப் பொருள்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்து பழங்களுக்கு மட்டும்: வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியான். நெய்யும் கூடாது, அது பால் பொருள். உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம் கட்டியை உருக்கினால் சுமார் 200 கிராம் நெய் இறங்கும். அந்த வாசனைக்காகவே உருக்கலாம்.

பதில் 2:
அடுப்பைப் பற்றி. செரான் கண்ணாடி, அணைத்த பிறகும் சூட்டை விடாது. பால் பொங்கும் நேரத்தில் குமிழைத் திருப்பினால் பலன் இல்லை, பாத்திரத்தைத் தூக்கி நகர்த்தணும். தாளிப்பும் அப்படித்தான்: கடுகு வெடிக்க ஆரம்பித்ததும் கரண்டியை எடுத்துவிட்டு அந்தச் சூட்டிலேயே மிளகாயைப் போடுங்கள், இல்லாவிட்டால் கருகும். அடி உருண்டையான வாணலி இதில் சரியாகச் சூடேறாது, தட்டை அடிதான் வேணும். இரும்புக் கல்லை இழுத்தால் கண்ணாடி கீறும்.

பருப்பு வேகவில்லை என்று இங்கே பலரும் பருப்பைக் குறை சொல்வார்கள். குறை தண்ணீரில். மியூனிக் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அது பருப்பை இறுக்கிவிடும். ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஒரு சிட்டிகை ஆப்பசோடா சேர்த்து வேகவையுங்கள். புளியும் உப்பும் பருப்பு குழைந்த பிறகுதான்.

நடையிலும் படுக்கையறையிலும் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கும். மிளகாய் வறுக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி ஜன்னலை முழுசாகத் திறங்கள். கருவியைக் கழற்றிவைக்காதீர்கள். அடுப்புக்கு மேலே உள்ள புகைபோக்கி பல வீடுகளில் காற்றை வடிகட்டி உள்ளேயேதான் விடும்.

கேள்வி: அக்கா, முதலில் ஆளுக்கு ரெண்டு இட்லி வைக்கலாமா? மாவு பொங்க மாட்டேங்குது.

பதில் 2:
வைக்கலாம். ஓவனுக்குள்ளே விளக்கை மட்டும் போட்டு 12 மணி நேரம் வைப்பது பழைய வழி. உங்க ஓவன்ல எல்இடி விளக்குன்னா அது சூடே தராது, பக்கத்துல ஒரு பாத்திரம் கொதிநீர் வச்சு ரெண்டு தடவை மாத்துங்க. அரிசி நாலு, உளுந்து ஒன்னு, வெந்தயம் ஒரு டீஸ்பூன். மிக்ஸி சூடாகி மாவைக் கெடுக்கும், ஐஸ் தண்ணீர் ஊத்தி அரைங்க. பாத்திரத்துல பாதிக்கு மேல ஊத்தாதீங்க.

பதில் 3:
சமையல் எல்லாம் சரியா அமைஞ்சும் விருந்து தடுமாறுவது பரிமாறும் இடத்தில்தான், அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஏழு மணி என்றால் ஏழு மணிக்கு மணி அடிப்பார்கள். ஆறரைக்குள் தாளிப்பு முடிந்து, ஜன்னல் திறந்து, நீங்கள் குளித்திருக்கணும். கொண்டுவந்த பரிசை அவர்கள் எதிரிலேயே பிரியுங்கள், நம்மூர் மாதிரி உள்ளே கொண்டுபோய் வைக்க வேண்டாம். பூ வந்தால் வைக்க ஒரு ஜாடி வேணும்.

நம் வீட்டில் விருந்தாளி சாப்பிட்டு முடிக்கும்வரை நாம் நின்று பரிமாறுவோம். இங்கே வீட்டுக்காரர் உட்கார்ந்து "குட்டன் அப்பெடீட்" (நன்றாகச் சாப்பிடுங்கள்) சொல்லும்வரை கரண்டியைத் தொட மாட்டார்கள். நீங்கள் நின்றால் சோறு ஆறும், அவர்களும் தவிப்பார்கள். முதல் சுற்றை நீங்களே பரிமாறுங்கள், சாம்பார், ரசம், தயிர் என்ற வரிசையையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மூன்றையும் ஒன்றாகக் கலப்பார்கள். பிறகு எல்லாப் பாத்திரத்தையும் மேசை நடுவில் வைத்துவிட்டு நீங்களும் உட்காருங்கள். முள்கரண்டியும் கரண்டியும் வைத்திருக்கணும். கையால் சாப்பிடக் கற்றுக்கொடுப்பது அவர்கள் கேட்டால் மட்டும்.

"இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டதற்கு வெறும் "டங்க்க" (நன்றி) என்று பதில் வந்தால், இங்கே அதற்கு "வேண்டாம்" என்று அர்த்தம். வேண்டும் என்றால் "யா, கெர்ன" என்பார்கள். நம்மூரில் முதல் "போதும்" பேச்சுக்குச் சொல்வது. இங்கே அது முடிவு. பலர் தட்டைக் காலி செய்வதை மரியாதையாக நினைப்பவர்கள், நீங்கள் வைக்க வைக்க வயிறு வலிக்கும்வரை சாப்பிடுவார்கள். மனசு நிறையப் போடணும் என்ற ஆசையை முதல் சுற்றில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

காரம் பாதி வையுங்கள், மிளகாய்ப்பொடியை எண்ணெயோடு தனிக் கிண்ணத்தில் கொடுங்கள். குடிக்க மோர் வையுங்கள்: கடையில் "புட்டர்மில்ஹ்" என்று கிடைப்பது அரை லிட்டர், அதே அளவு தண்ணீர், இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு. தண்ணீர் கேட்டால் சோடாவா சாதாவா என்பார்கள், ரெண்டும் வாங்கிவையுங்கள்.

கடைசியாக ஃபில்டர் காபி. எட்டு டம்ளருக்கு 80 கிராம் தூள், 400 மில்லி கொதிநீர். சின்ன ஃபில்டர் என்றால் ரெண்டு தடவையாக, மதியமே இறக்கிவிடுங்கள். எஸ்ப்ரெசோவுக்கு அரைத்த தூள் துளைகளை அடைத்துக்கொள்ளும், கொஞ்சம் கொரகொரப்பாக வேணும். ஹா-மில்ஹ் என்னும் நாள்படக் கெடாத பாலில் காய்ச்சின வாடை இருக்கும், 3.5 சதவீதக் கொழுப்புள்ள புதுப்பால் வாங்குங்கள். காபியில் சிக்கரி இருக்கிறது என்று சொன்னால் பெரியவர்கள் முகம் மலரும். காபி கிடைக்காத காலங்களில் இந்த நாட்டிலும் சிக்கரி வேரைத்தான் வறுத்துக் குடித்தார்கள்.

இரவு பத்துக்குப் பிறகு பால்கனிப் பேச்சை உள்ளே கொண்டுவாருங்கள், அமைதி நேரம். மீந்த சாம்பாரை மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் கொடுத்தனுப்பினால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள், ஜாடியும் கழுவித் திரும்பி வரும்.